பூட்டிய மடல் திறக்க மறுக்கும்போது



காரவல்லி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அச்சாலையில் தபால் பையொன்று பேருந்தில் ஏறிச் செல்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். பையின் வாய் கட்டப்பட்டு முத்திரையிடப்பட்டிருக்கும். வளைவுகள் எத்தனை இருப்பினும் வழியில் எவரும் அதனுள் கைவிட இயலாது. ஆனால் மலைமேல் அஞ்சல் நிலையத்தில் பை அவிழ்க்கப்பட்டதும், உள்ளே இருப்பது ஒட்டிய உறையா அல்லது அஞ்சலட்டையா என்பதே வினா. அஞ்சலட்டையாயின், அதைக் கையில் எடுக்கும் எவருக்கும் அது படிக்கக் கிடைக்கும்.

அலுவலகங்களிலிருந்து நாள்தோறும் செல்லும் மின்னஞ்சலின் நிலையும் ஏறத்தாழ இதுவே. ஓர் அஞ்சல் கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் பாதை இக்காலத்தில் பெரும்பாலும் பூட்டப்பட்டே இருக்கிறது. ஆயினும் இரு முனைகளிலும் உள்ள கணிப்பொறிகளில் மடல் அஞ்சலட்டையாகவே கிடக்கிறது. அக்கணிப்பொறியைப் பராமரிப்பவரும், கடவுச்சொல்லைத் திருடியவரும், முகவரி பிசகியதால் மடலைப் பெற்ற அந்நியரும் அதனைப் படிக்கலாம். உங்கள் மகன் வேலைக்கு விண்ணப்பித்தபோது இணைத்த ஆதார் நகல், உங்கள் மகளின் மருத்துவப் பரிசோதனை முடிவு, வீட்டுப் பத்திரத்தின் நகல், வங்கிக் கணக்கு எண் ஆகியவை இவ்வாறு அஞ்சலட்டைகளாகவே உலவுகின்றன என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதற்கு உறையாக வந்ததே மறைகுறியாக்கம். எழுத்துகளைப் பிறர் அறியாவண்ணம் உருமாற்றிப் பூட்டி அனுப்புதலும், உரியவர் மட்டும் அதனைத் திறந்து படித்தலும் இதன் சாரம். அலுவலகங்களில் வழங்கும் அவுட்லுக் போன்ற அஞ்சல் மென்பொருளுடன் ஒட்டிக்கொண்டு இப்பணியைச் செய்யும் சிறு கருவியை ஆட்-இன் என்பர். நம் பிள்ளைகளில் பலர் இன்று கணக்கர்களாகவும் எழுத்தர்களாகவும் இக்கருவியுடன் பழக வேண்டியவர்களாக இருக்கின்றனர். அது திடீரென்று பழுதுபடும்போது என்ன செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பூட்டும் சாவியும்

முதலில் அடிப்படையைப் புரிந்துகொள்வோம். உங்கள் பெயரில் ஒரு பூட்டும் அதற்குரிய ஒரு சாவியும் ஒருசேர உருவாக்கப்படுகின்றன. பூட்டின் நகல்களை ஊரெங்கும் நீங்கள் வழங்கலாம். உங்களுக்கு எழுத விரும்புபவர் தம் மடலை ஒரு பெட்டியிலிட்டு உங்கள் பூட்டினால் பூட்டி அனுப்புவார். பூட்டியபின் அவராலேயே அதனைத் திறக்க இயலாது. அதைத் திறக்கும் சாவி உங்களிடம் மட்டுமே உண்டு.

கணிப்பொறித் துறையினர் பூட்டைப் பப்ளிக் கீ என்றும், சாவியைப் பிரைவேட் கீ என்றும் அழைக்கின்றனர். இரண்டையும் சாவி என்றே பெயரிட்டதுதான் பாதிக் குழப்பத்துக்கு வித்து என்பது என் கருத்து. பிறருக்கு அனுப்ப வேண்டியது எது, பேழையில் வைத்துக் காக்க வேண்டியது எது என்று புதியவர் தடுமாறுவதில் வியப்பில்லை. நாம் இங்கே பூட்டு, சாவி என்றே வழங்குவோம்.

இந்த இரட்டை முறையை 1976 ஆம் ஆண்டில் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் இருவர் வெளியிட்டனர். அடுத்த ஆண்டிலேயே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் அதனை நடைமுறைக்கு உகந்த கணிதமாக்கினர். 1991 இல் அமெரிக்கரான ஃபில் சிம்மர்மன், எளிய மக்களும் பயன்படுத்தும் வண்ணம் பி.ஜி.பி. என்னும் மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். மறைகுறியாக்கக் கருவியை நாடு கடத்தினார் என்ற ஐயத்தின்பேரில் அமெரிக்க அரசு அவர்மீது நடத்திய விசாரணை 1996 ஜனவரியில்தான் கைவிடப்பட்டது. பின்னர் ஜெர்மனியைச் சேர்ந்த வெர்னர் கோச், அதே வழியில் குனு பி.ஜி. என்னும் கட்டற்ற மென்பொருளை உருவாக்கினார். அதனை விண்டோஸ் கணிப்பொறிகளுக்கு ஏற்றவாறு தொகுத்ததே ஜி.பி.ஜி. ஃபார் வின். அதனுள் அவுட்லுக்குக்கான துணைக் கருவி ஜி.பி.ஜி.ஓ.எல். எனப்படும், பூட்டுகளையும் சாவிகளையும் அடுக்கி வைக்கும் பெட்டகத்துக்குக் கிளியோபாட்ரா என்று பெயர்.

மறைகுறிகளை உடைக்கும் கலையோ இவற்றுக்கு ஓராயிரம் ஆண்டுகள் மூத்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் அல்-கிந்தி இதற்கென ஒரு நூலே எழுதினார். ஒரு மொழியில் எழுதப்பட்ட நீண்ட பகுதியொன்றை எடுத்து, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணுக; பிறகு மறைகுறி மடலிலும் அவ்வாறே எண்ணுக; அதிகம் வருவதை அதிகம் வருவதோடு பொருத்துக. இதுவே அவர் காட்டிய வழி. எழுத்துக்கு எழுத்து மாற்றிப் போடும் எளிய மறைகுறிகள் அனைத்தும் இந்த எண்ணிக்கைக்கு முன் தோற்றுப்போயின. நமக்குக் கிடைத்துள்ளவற்றுள் இம்முறையை விளக்கும் மிகப் பழைய நூல் அதுவே. இஸ்தான்புல் நூலகத்தில் உறங்கிக் கிடந்த அதன் கையெழுத்துப் படி இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் ஆய்வாளர் கைக்கு வந்தது.

அல்-கிந்தியின் எண்ணிக்கை முறையால் இன்றைய பூட்டுகளை அசைக்க இயலாது. எழுத்துகளின் எண்ணிக்கைச் சாயல் சிறிதும் எஞ்சாதவாறு அவை மடலை உருமாற்றிவிடுகின்றன. அப்படியானால் மறைகுறி மடல்கள் எவ்வாறு வெளியாகின்றன? பூட்டுபவரின் அவசரத்தினால்தான் பெரும்பாலும் வெளியாகின்றன. இதற்கு இரண்டு சான்றுகளை உங்கள்முன் வைக்கிறேன்.

மறுபடியும் அனுப்புங்கள்!

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியப் படைத் தலைமை, லோரன்ஸ் என்னும் மறைகுறிப் பொறியைப் பயன்படுத்தி வந்தது. பன்னிரண்டு சக்கரங்கள் சுழலும் அப்பொறியின் அமைப்பை ஆங்கிலேயர் கண்ணாலும் கண்டதில்லை. 1941 ஆகஸ்ட் 30 அன்று ஏதென்ஸ் நகரிலிருந்து வியன்னாவுக்கு ஏறத்தாழ 4,000 எழுத்துகள் கொண்ட செய்தியொன்று அனுப்பப்பட்டது. வியன்னாவில் இருந்தவருக்கு அது சரியாகக் கிட்டவில்லை. மறுபடியும் அனுப்புங்கள் என்று கேட்டார்.

நாலாயிரம் எழுத்துகளை மீண்டும் கையால் தட்டுவது எத்தகைய சலிப்பு! பொறியின் சக்கரங்களை வேறு அமைப்புக்கு மாற்றிய பின்னரே மீண்டும் அனுப்ப வேண்டும் என்பது விதி. ஏதென்ஸில் இருந்தவர் அதனைச் செய்யவில்லை. அதே அமைப்பிலேயே சக்கரங்களை வைத்துக்கொண்டு, சில சொற்களை மட்டும் சுருக்கித் தட்டி அனுப்பிவிட்டார். இரண்டு செய்திகளையும் ஒட்டுக்கேட்ட ஆங்கிலேயர், ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தனர். பிளெட்ச்லி பார்க்கில் பணியாற்றிய ஜான் டில்ட்மன் இரண்டையும் முழுமையாகப் படித்துவிட்டார். அதனைக் கொண்டு பில் டட் என்னும் இளைஞர், தாம் ஒருபோதும் காணாத அப்பொறியின் அமைப்பு முழுவதையும் சில மாதங்களுள் கணக்கிட்டுச் சொன்னார்.

பூட்டில் குறையில்லை. தொல்லை நேர்ந்த ஒரு கணத்தில், போகட்டும் என்று ஒருவர் எடுத்த முடிவு ஒரு பேரரசின் அந்தரங்கத்தைத் திறந்துவிட்டது.

மற்றொரு சான்று 1999 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆல்மா விட்டன், டைகர் என்னும் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 12 பேரை அழைத்து, அக்கால பி.ஜி.பி. மென்பொருளைக் கொடுத்து, ஓர் இரகசியச் செய்தியைப் பூட்டி அனுப்புமாறு பணித்தனர். அனைவரும் மின்னஞ்சல் பழகியவர்கள். கொடுத்த நேரம் 90 நிமிடங்கள். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினரே அதனைச் சரிவரச் செய்து முடித்தனர். மூவர் தவறுதலாக இரகசியத்தை அப்படியே பூட்டாமல் அனுப்பிவிட்டனர்!

பன்னிருவரில் மூவர் என்பது சிறு தொகையன்று. உங்கள் மகனின் அலுவலகத்தில் பன்னிரண்டு மேசைகள் இருப்பின், இக்கணக்கை அங்கே பொருத்திப் பாருங்கள்.

மலைமேல் ஒரு காலைப் பொழுது

செம்மேட்டில் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்கும் ஒரு சிறிய அலுவலகம் உண்டு. அங்கே கணக்கு எழுதும் இளைஞர் ஒருவர் சிறுவயதில் என்னிடம் ஓதியவர். தங்களிடம் சரக்குக் கொடுக்கும் மலைவாழ் உழவர்களின் பெயர், நில அளவை எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைப் பட்டியலிட்டு வெளியூர் வாடிக்கையாளர் ஒருவருக்கு அவர் அவ்வப்போது அனுப்ப வேண்டும். பூட்டித்தான் அனுப்ப வேண்டும் என்பது அந்த வாடிக்கையாளரின் நிபந்தனை. மழை ஓயாத நாளொன்றில் காலையிலேயே என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"ஹஜ்ரத், அவுட்லுக்கில் பூட்டும் பொத்தானையே காணவில்லை. நேற்று மாலை வரை இருந்தது. மேலாளர், இன்று ஒரு நாள் பூட்டாமல் அனுப்பிவிடு என்கிறார். அனுப்பட்டுமா?"

நான் வரலாறு படித்த கலைப் பட்டதாரி. கணிப்பொறிப் பொறியாளன் அல்லன். எனினும் மத்ரஸா அலுவலக மடல்களைக் கையாள நேர்ந்ததால் இக்கருவியின் குணம் ஓரளவு பழக்கம். "அவசரப்படாதீர்கள் தம்பி. அந்த உழவர்கள் உங்களை நம்பிக் கொடுத்த அமானிதம் அது. மேலாளரிடம் பகல் வரை தவணை கேளுங்கள்" என்றேன்.

பொத்தான் மறைந்ததற்குக் காரணம் எளியது. தொடங்கும்போது ஒரு விநாடிக்கு மேல் தாமதிக்கும் துணைக் கருவிகளை அவுட்லுக் தானாகவே ஒதுக்கி வைத்துவிடும். மலைமேலிருந்தது பழைய கணிப்பொறி, மெதுவாகத்தான் விழிக்கும். ஃபைல் என்பதைத் தட்டி, ஆப்ஷன்ஸ் சென்று, ஆட்-இன்ஸ் என்னும் பகுதியைத் திறக்கச் சொன்னேன். அதன் அடிப்பகுதியில் உள்ள பட்டியலில் ஒதுக்கப்பட்டவை எவை, செயல்படுபவை எவை என்று காணலாம். ஜி.பி.ஜி.ஓ.எல். ஒதுக்கப்பட்ட வரிசையில் இருந்தது. அதனை மீண்டும் இயக்கி, எப்போதும் இயங்கட்டும் என்ற குறிப்பையும் இட்டு, அவுட்லுக்கை மூடித் திறந்ததும் பொத்தான் வந்துவிட்டது.

ஆனால் தொல்லை தீரவில்லை. அனுப்பு என்று தட்டினால், பெறுபவருக்குரிய செல்லத்தக்க பூட்டு இல்லை என்றது கருவி. சென்ற வாரம் செல்லுபடியான பூட்டு இன்று எப்படிச் செல்லாமற்போகும்? அந்தச் சமயத்தில்தான் ஒன்று கேட்கத் தோன்றியது. "உங்கள் வங்கியின் இணையப் பக்கம் திறக்கிறதா?" "இல்லை ஹஜ்ரத், சான்றிதழ் சரியில்லை என்று அதுவும் மறுக்கிறது." "திரையின் மூலையில் தேதி என்னவென்று பாருங்கள்."

சற்று நேரம் மௌனம். கணிப்பொறி பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியைக் காட்டிக்கொண்டிருந்தது.

இரவில் மின்சாரம் நின்றிருக்கிறது. கணிப்பொறியின் உள்ளே கடிகாரத்தை ஓட்டும் நாணய வடிவிலான சிறு மின்கலம் எப்போதோ உயிரிழந்திருக்கிறது. மின்சாரம் வந்தபோது கணிப்பொறி தன் பழைய தேதியிலிருந்து எண்ணத் தொடங்கிவிட்டது. அந்தத் தேதியில் வாடிக்கையாளரின் பூட்டு இன்னும் பிறக்கவேயில்லை! எதிர்காலத்தில் உருவான பூட்டைக் கருவி எவ்வாறு ஏற்கும்? தேதியைத் திருத்தியதும் மடல் பூட்டப்பட்டு, நண்பகலுக்குள் சென்று சேர்ந்தது. சில பத்து ரூபாய் விலையுள்ள மின்கலத்தை மறுநாள் மாற்றினார்.

மின்சாரம் அடிக்கடி நின்று வரும் ஊர்களில் உள்ளோர் இந்த அடையாளத்தை நினைவில் வைக்கவும். பூட்டும் செல்லவில்லை, வங்கிப் பக்கமும் திறக்கவில்லை என்றால், எதையும் நீக்கி மீண்டும் நிறுவும் முன்பு தேதியைப் பாருங்கள்.

வேறு காரணங்கள்

பொத்தான் காணாமற்போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் புதிய அவுட்லுக் என்று ஒன்றை விண்டோஸ் கணிப்பொறிகளில் வழங்கி வருகிறது. பழைய வகைத் துணைக் கருவிகள் அதில் இயங்கமாட்டா. திரையின் மேல் மூலையில் உள்ள சிறு விசையை யாரோ தெரியாமல் தட்டிவிட்டால், புதியது வந்து பூட்டுப் பொத்தான் போய்விடும். அதே விசையைத் திருப்பித் தட்டிப் பழையதற்கு மீளலாம். பழைய அவுட்லுக்கை 2029 ஆம் ஆண்டு வரையேனும் பேணுவதாக அந்நிறுவனம் அறிவித்துள்ளது. அதற்குள் அலுவலகங்கள் மாற்று ஏற்பாட்டைத் தேடிக்கொள்வது நலம்.

அனுப்பு என்று தட்டியதும் கணிப்பொறி உறைந்து நிற்பதாகச் சிலர் கூறுவர். சாவிக்குரிய கடவுத்தொடரைக் கேட்கும் சிறு சாளரம் பிற சாளரங்களுக்குப் பின்னால் ஒளிந்து நிற்பதே பல வேளைகளில் காரணம். அவுட்லுக்கைச் சற்றே சுருக்கிப் பாருங்கள். அது பின்னால் காத்திருக்கக் காண்பீர்கள்.

மடல் வந்திருக்கிறது, ஆனால் உள்ளே ஒன்றுமில்லை, ஏதோ ஓர் இணைப்பு மட்டும் இருக்கிறது என்பது அடுத்த முறையீடு. கைப்பேசியில் மடலைப் பார்ப்பவர்கள்தாம் பெரும்பாலும் இவ்வாறு சொல்வார்கள். சாவி அலுவலகக் கணிப்பொறியில் இருக்க, பெட்டியை மட்டும் கைப்பேசியில் பார்த்தால் வெறும் பெட்டிதான் தெரியும். அனுப்பியவர்மீது குற்றமில்லை, சாவி இருக்கும் இடத்தில் திறந்து பார்க்க வேண்டும்.

கையொப்பம் பழுது என்ற எச்சரிக்கை வந்தால் உடனே திருடன் நுழைந்துவிட்டான் என்று அஞ்ச வேண்டியதில்லை. சில நிறுவனங்களின் அஞ்சல் கணிப்பொறிகள், வெளியே செல்லும் மடல்களின் அடியில் பொறுப்புத் துறப்பு வாசகம் ஒன்றைத் தாமே ஒட்டிவிடுகின்றன. கையொப்பமிட்டபின் ஓர் எழுத்து கூடினாலும் கையொப்பம் செல்லாது. அஞ்ச வேண்டாம் என்றேனே தவிர, அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிடுங்கள்.

எதிர்முனையில் உள்ளவர், உங்கள் மடலைத் திறக்க முடியவில்லை என்று எழுதினால், நீங்கள் பூட்டியது அவருடைய பழைய பூட்டினாலா என்று பாருங்கள். பூட்டுகளுக்குக் காலாவதி நாள் குறிக்கப்பட்டிருக்கலாம். அவர் புதிய பூட்டை உருவாக்கியிருப்பார். உங்கள் பெட்டகத்தில் பழையதே இருக்கும். புதிய பூட்டை அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் வந்ததை அப்படியே நம்பிவிடலாகாது. எவரும் எவர் பெயரிலும் ஒரு பூட்டை உருவாக்கி அனுப்ப இயலும். ஆதலால் ஒவ்வொரு பூட்டுக்கும் விரல் ரேகை என்று ஓர் அடையாளக் குறி உண்டு. பெரும்பாலும் 40 எழுத்துகள் கொண்டது. முன்பே நீங்கள் அறிந்த எண்ணில் அவரைத் தொலைபேசியில் அழைத்து, நான்கு நான்காக வாசிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். மூன்று நிமிட வேலை. இதனைத் தவிர்ப்பவர்கள் பூட்டே இல்லாமல் அனுப்புவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை என்பேன்.

நம் நாட்டில் வரிக் கணக்குகளுக்கும் ஒப்பந்தப் புள்ளிகளுக்கும் சிறு யு.எஸ்.பி. கருவியில் பெறும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழைப் பலர் வைத்துள்ளனர். எஸ்/மைம் என்னும் முறையில் அத்தகைய சான்றிதழைக் கொண்டும் மடல்களைப் பூட்டலாம். ஆனால் கையொப்பமிடுவதற்கான சான்றிதழ் வேறு, பூட்டுவதற்கான சான்றிதழ் வேறு. முன்னதை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, பூட்டும் பொத்தான் ஏன் இயங்கவில்லை என்று நாள்கணக்கில் தேடுவோர் உண்டு. சான்றிதழ் காலாவதியாகிப் புதியது வாங்கினாலும் பழைய கருவியை எறிந்துவிடாதீர்கள். அதனால் பூட்டப்பட்ட பழைய மடல்களைத் திறக்க அதுவே வேண்டும்.

தலைப்பு வரியைப் பற்றியும் ஒரு சொல். அவுட்லுக்கில் பூட்டப்படுவது மடலின் உடலும் இணைப்புகளுமே. தலைப்பு வரி திறந்தே செல்கிறது. இன்னாரின் நீரிழிவுப் பரிசோதனை முடிவு என்று தலைப்பில் எழுதிவிட்டு உள்ளே பூட்டுவதால் பயனென்ன?

இவ்வளவையும் கையாள்பவர் பிழையாகவே சொல்லிவிட்டால் நேர்மையாகாது. பூட்டே பிழை செய்த நாட்களும் உண்டு. எளிய எழுத்து வடிவில் எழுதி எஸ்/மைம் முறையில் பூட்டிய மடல்களுடன், பூட்டாத வாசகத்தையும் அவுட்லுக் சேர்த்தே அனுப்பி வந்தது 2017 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அனுப்பியவர் திரையிலோ பூட்டிய அடையாளமே தெரிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அது சீர்செய்யப்பட்டது. 2018 மே மாதத்தில் ஈஃபெயில் என்னும் குறைபாட்டை ஜெர்மனி, பெல்ஜியம் நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டனர். மடலினுள் ஒளித்து வைத்த வெளிப்படத்தை அஞ்சல் மென்பொருள் தானாகவே எடுக்கப் போகும்போது, திறந்த வாசகத்தையும் பகைவனுக்குக் கொண்டு போய்க் கொடுத்துவிடும் என்பதே அதன் சாரம். மென்பொருளை அவ்வப்போது புதுப்பிப்பதும், மடல்களில் வெளிப்படங்கள் தாமாக ஏற்றப்படுவதை நிறுத்தி வைப்பதும் இதனால்தான் வலியுறுத்தப்படுகின்றன.

ஓர் அச்சம்

நம் குடும்பங்களில் எழும் ஓர் அச்சத்தையும் இங்கே பேசியாக வேண்டும். பூட்டி அனுப்பினால் எதையோ மறைப்பதாக ஐயப்படமாட்டார்களா, நம் பிள்ளைக்கு இது வீண் வம்பாகாதா என்று தாய்மார்கள் கேட்கின்றனர். அந்த அச்சம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். அதனை எள்ளி நகையாட மாட்டேன். ஆனால் சட்டம் சொல்வதை அறிந்துகொள்ளுங்கள்.

நம் நாட்டில் மடலைப் பூட்டி அனுப்புதல் குற்றமன்று. 2000 ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008 ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் சேர்க்கப்பட்ட 84ஏ பிரிவு, மறைகுறியாக்க முறைகளை வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கிறது. மின்வழி வணிகத்தையும் ஆட்சியையும் வளர்ப்பதே அதன் நோக்கம் என்று அப்பிரிவே கூறுகிறது. அதே சட்டத்தின் 69 ஆம் பிரிவின்கீழ், உரிய அதிகாரி முறைப்படி உத்தரவிட்டால் திறந்து கொடுக்க உதவ வேண்டும்; மறுத்தால் ஏழாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. 2015 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு மறைகுறியாக்கக் கொள்கை வரைவை வெளியிட்டது. பூட்டி அனுப்பியவற்றின் திறந்த நகலை 90 நாட்கள் மக்கள் வைத்திருக்க வேண்டும் என்று அது கூறியது. எங்கும் எதிர்ப்பு எழவே, செப்டம்பர் 22 அன்று அவ்வரைவு திரும்பப் பெறப்பட்டது. பூட்டிய பெட்டியின் அருகிலேயே அதன் நகலைத் திறந்து வைப்பதில் பொருளில்லை என்பதைப் பொதுமக்கள் ஒரே நாளில் உணர்ந்துகொண்டது எனக்கு மகிழ்ச்சியளித்த செய்தி.

மறுபுறம், பிறர் விவரங்களைக் காக்கத் தவறுவதற்கே இன்று தண்டனை பெருகியுள்ளது. 2023 ஆம் ஆண்டில் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க பாதுகாப்புச் செய்யத் தவறும் நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. இன்று ஒரு நாள் பூட்டாமல் அனுப்பிவிடு என்று சொல்லும் மேலாளரிடம் மரியாதையுடன் நினைவூட்டத்தக்க தொகை இது. கருவி பழுதானால் தவணை கேளுங்கள்; மிக அவசரமெனில் ஆளனுப்பித் தாளிலேயே கொடுத்துவிடுங்கள்.

சாவி தொலைந்தால்

கடைசியாக, மிகக் கொடிய பழுது. கணிப்பொறி எரிந்துபோயிற்று, அல்லது திருடு போயிற்று, சாவியின் நகல் வேறெங்கும் இல்லை. இந்நிலையில் உலகில் எவராலும் உதவ இயலாது. மென்பொருளை எழுதியவராலும் திறக்க இயலாது. திறக்க இயலும் என்று பணம் கேட்பவர் ஏமாற்றுக்காரர். வங்கிக் கடவுச்சொல்லை மறந்தால் புதியது கேட்டுப் பெறுவோமே, அந்த வழி இங்கே இல்லை.

ஆதலால் சாவியை உருவாக்கிய அன்றே கிளியோபாட்ராவிலிருந்து அதன் நகலை எடுத்து, இரண்டு பென் டிரைவ்களில் இட்டு, இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். கடவுத்தொடரைத் தாளில் எழுதுவதாயின் அது மூன்றாவது இடத்தில் இருக்கட்டும். சாவி பிறர் கைக்குப் போய்விட்டால், இனி இந்தப் பூட்டை எவரும் பயன்படுத்த வேண்டாம் என்று உலகுக்கு அறிவிக்கும் இரத்துச் சான்று ஒன்றும் உண்டு. அதனையும் நகலுடன் சேர்த்து வையுங்கள்.

இது குடும்பத்தைத் தொடும் செய்தியுமாகும். அத்தாவின் வணிகக் கணக்குகள் பூட்டிய மடல்களில் இருக்க, அவர் மறைந்தபின் கடவுத்தொடர் எவருக்கும் தெரியாதென்றால், கொடுக்கல் வாங்கலைத் தீர்க்க வேண்டிய பிள்ளைகள் என்ன செய்வர்? கடன் பட்டியலை வீட்டில் எழுதி வைப்போர், சாவியும் கடவுத்தொடரும் இருக்கும் இடங்களையும் அதில் இரண்டு வரிகள் எழுதிவிடலாம். அலுவலகச் சாவி அலுவலகத்துக்கே உரியது. வேலையை விட்டு விலகும் பிள்ளைகள் அதனை ஒப்படைத்துக் கையொப்பம் பெற்றுக்கொள்ள வேண்டும். சொந்த மடல்களுக்கு வேறு சாவி வைத்துக்கொள்வது இருவருக்கும் நன்று.

புதிய கணிப்பொறி வாங்கினால், பழையதை விற்கவோ எவருக்கேனும் கொடுக்கவோ அவசரப்படாதீர்கள். சாவியைப் புதியதில் ஏற்றி, சில ஆண்டுகளுக்கு முந்தைய பூட்டிய மடல் ஒன்றைத் திறந்து பாருங்கள். அது திறந்த பின்னரே பழையதைத் துடைத்துக் கைமாற்றலாம்.